மஞ்சத்தண்ணி ஊத்துன கைவிலங்கு

உங்க ரெண்டு கையயும் சேத்து வாழநார்ல கட்டியாச்சு. கட்டுக்கு மேல செவ்வந்திப் பூவ வேற சுத்தி விட்டாச்சு. அந்த நேரம் பாத்து மூக்கு அரிக்குது. என்ன செய்வீங்க?

கையத் தூக்கிச் சொறிவேன்னு சொல்லாதீங்க. கையோட பூவும் சேந்து வரும். பூ மூக்குல பட்டா அரிப்பு ரெட்டிப்பாகும், அதுக்கு மேல தும்மல். எடம் வேற கோர்ட்டு. எதுக்க மேஜிஸ்ட்ரேட்டு. தும்மலாமா?

நான் தும்முனேன். விடாம தும்முனேன்.

மேஜிஸ்ட்ரேட்டு பேனாவக் கீழ வச்சுட்டு, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி எங்கள ஒரு பார்வ பாத்தாரு. எங்களன்னா யாரு? நான், நான் டைப்படிக்கிற வக்கீல் கணேசன் சார், என் கூட காலேஜ்ல படிச்ச தங்கராசு, அப்பறம் பூ மார்க்கெட்டுல இருந்து கெளம்பி வந்த ஒரு பெருங்கூட்டம். அம்புட்டுப் பேரு கையும் கட்டியிருக்கு. அம்புட்டுப் பேரு காலும் மஞ்சத்தண்ணியில நனஞ்சிருக்கு. வாசல்ல இருந்து பெஞ்சு வரைக்கும் தரை பூரா மஞ்சக் கால்தடம்.

அந்த ஹால்ல கூண்டுக்குள்ள நின்ன ஆளு ஒருத்தரு மட்டும் கைய வீசிக்கிட்டு ஃப்ரீயா நின்னாரு. போலீஸ் புடிச்சுக்கிட்டு வந்த கேஸ் ஆளே அவருதான்.

எப்படி இந்தக் கூத்துன்னு கேக்குறீங்களா? இருங்க, மெஷின்ல பேப்பர் மாத்திக்கிறேன்.

இந்த வயசுல என்ன நினைவு?

அதுக்கு முன்னாடி ஒரு பஞ்சாயத்த முடிச்சிருவோம். "பல்லு விழுந்தவங்க எழுதுற வாழ்க்க நினைவுகள இந்தப் புள்ள எழுதுதே, அப்படி என்ன பெருசா வாழ்ந்துருச்சு?"ன்னு வாசகர் ஒருத்தர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடுதாசி போட்டிருக்காராம். ஐயா, எனக்குப் பல்லு எல்லாம் இருக்கு. ஞாபகமும் நல்லா இருக்கு. பல்லு விழுந்தப்பறம் எழுதுனா ஞாபகமும் சேந்து விழுந்திருக்கும்ல? அதான் இப்பவே அடிக்கிறேன்.

அடிக்கிறேன்னா நெசமாவே அடிக்கிறேன். ஆபீஸ் டைப்ரைட்டர்ல. வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. வர்றதுக்குள்ள முடிக்கணும். எழுத்துப் பிழை இருந்தா என்னயத் திட்டாதீங்க, மெஷினத் திட்டுங்க. இதுல 'ழு' அடிச்சா பக்கத்து கட்டையும் சேந்து எந்திரிச்சுக்கிட்டு வருது.

மாடி ஜன்னலு

எங்க ஆபீசு திண்டுக்கல்ல, பஜாருக்குள்ள ஒரு மாடி. ஜன்னலத் தெறந்தா ரோடு தெரியும். ரோட்டுக்கு ஒரு கோடியில சப் ஜெயிலு, மறு கோடியில கோர்ட்டு. நடுவுல கடைக: பாத்திரக் கடை, பொகயில வாசனை தூக்குற கடை, பூட்டுக் கடை, சைக்கிள் கடை.

பி.ஏ. முடிச்சு நான் இங்க வேலைக்கு வந்தப்ப ஊர்ல எல்லாப் பயலும் டெரிலின் சட்டைக்கு அலைஞ்ச காலம். தெனமும் காலையில இட்லிக் கடைக்காரரு அடுப்ப அணைக்கிற நேரத்துக்கு ரோட்டுல ஒரு சத்தம் வரும். ஜல், ஜல், ஜல். சலங்க மாதிரி. எட்டிப் பாத்தா வாய்தாவுக்குப் போற கேஸ் ஆளுக. கையில விலங்கு, விலங்குல சங்கிலி, சங்கிலி நுனிய ஏட்டு மாசிலாமணி புடிச்சிருப்பாரு.

கேஸ் ஆளுன்னா யாரு? இன்னும் தீர்ப்பே ஆகாதவன். அவன் செஞ்சானா இல்லையான்னு மேஜிஸ்ட்ரேட்டே இன்னும் முடிவு பண்ணல. ஆனா பஜாரு முடிவு பண்ணிரும். பாத்திரக் கடைக்காரரு தட்டுறத நிறுத்திட்டுப் பாப்பாரு. சின்னப் பிள்ளைக "களவாணி டோய்"னு கத்திக்கிட்டு பின்னாடியே ஓடும்.

நானும் சின்னதுல ஓடியிருக்கேன். ஓடாத பிள்ள எங்க ஊர்ல ஏது?

காலேஜ்ல குடிமையியல் எடுத்த மேடம், குத்தம் நிரூபணம் ஆகுற வரைக்கும் எல்லாரும் நிரபராதின்னு சொன்னப்ப நான் நோட்ஸ் எடுத்துக்கிட்டேன். மார்க்கும் வாங்குனேன். ஜன்னல்ல நின்னு பாத்தப்பறம்தான் அந்த வரி எனக்கு உள்ள எறங்குச்சு.

எங்க கமிட்டி

உடனே ஒரு கமிட்டி ஆரம்பிச்சோம். நானு, தங்கராசு, எங்கள நம்பி வக்கீல் சாரு. பேரு 'கைவிலங்கு ஒழிப்புக் கமிட்டி'. தங்கராசு போர்டு எழுதுறேன்னு போயி, எடம் பத்தலன்னு 'கை'ய விட்டுட்டு 'விலங்கு ஒழிப்புக் கமிட்டி'ன்னு எழுதிட்டான். மறுநாளே ஒரு அம்மா வந்து, எங்க தெருவுல வெறிநாயி திரியுது, எப்ப புடிக்க வருவீகன்னு கேட்டுட்டுப் போச்சு.

தங்கராசு செம்பட்டிக்காரன். தொண்ட அப்படி ஒரு தொண்ட. அவன் பேசுனா மைக் செட்டுக்காரருக்குப் பொழப்புப் போயிரும். காய்கறி மார்க்கெட்டு முன்னால கூட்டம் போட்டோம். வந்த கூட்டத்துல பாதி, தக்காளி விலை சொல்றாங்கன்னு நெனச்சு நின்னுச்சு.

மனுவும் போட்டோம். மனு அடிக்கிறதுக்கு நான் இருக்கேனே! மேல இருக்கிறவங்களுக்கு, அவங்களுக்கு மேல இருக்கிறவங்களுக்குன்னு அடிச்சுத் தள்ளுனேன். எல்லாத்துக்கும் ஒரே பதிலு: பரிசீலனையில் உள்ளது.

ஏட்டு மாசிலாமணிதான் எங்களுக்கு மொத எதிரி. நாங்க அப்படித்தான் நெனச்சோம். ஒரு நாள் டீக்கடையில வச்சு அவரே ஆரம்பிச்சாரு.

"ஏத்தா டைப்பு, நீதான் எனக்கு எதுரா கமிட்டி வச்சிருக்கியாமே?"

"உங்களுக்கு எதுரா இல்ல ஏட்டையா. விலங்குக்கு எதுரா."

"விலங்குக்கு இந்தப் பக்கம் அவன் கை இருக்கு. அந்தப் பக்கம் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு நானும்ல நடக்குறேன்? அவன் தும்முனா எனக்குத் தோளு இழுக்குது. அவன் ஒண்ணுக்குப் போகணும்னு நின்னா நானும் நிக்கணும். எனக்கு யாருத்தா கமிட்டி வைப்பா?"

"அப்ப அவுத்து விட்டுருங்க!"

"அவுத்துட்டு, ஓடிப் போனான்னா? எம் பொண்டாட்டியா வந்து பதில் சொல்லுவா? வழக்கம்த்தா. வழக்கத்த மாத்த நானு யாரு?"

பூட்டுக்குப் பேர் போன ஊர்ல அவர் வச்சிருந்த விலங்குப் பூட்டு துருவேறிக் கெடந்துச்சு. அத தெறக்குறதுக்கு அவர் தேங்கா எண்ண விட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. அது தனிக் கத.

ஆயுதம்: முருங்கக்கா

இப்ப பெருமாளு வராரு. குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரி பூமி. மழை பேஞ்சாத்தான் வெள்ளாம, பேயாட்டி முருங்க மரம்தான் கஞ்சி ஊத்தும். முருங்கக்காயக் கட்டுக் கட்டா பஸ்ஸு மேல போட்டு திண்டுக்கல் கொண்டு வருவாரு.

ஒரு நாள் பாதி வழியில கண்டக்டரு, லோடு சாஸ்தி, எறக்குய்யான்னுட்டாரு. இவரு மாட்டேன்னாரு. அவரு கட்டத் தூக்கிக் கீழ போட்டாரு. இவரு அதே கட்ட எடுத்து அவர் தோள்ல ஒண்ணு போட்டாரு. ரெண்டாவது வீச்சு குறி தப்பி பஸ்ஸு கண்ணாடி விரிஞ்சிருச்சு.

கேஸ் கட்டுல 'உபயோகித்த ஆயுதம்: முருங்கைக்காய்க் கட்டு ஒன்று'ன்னு இருந்துச்சு. நகல் நான்தான் அடிச்சேன். சிரிச்சு சிரிச்சு ரெண்டு தாளு வீணாப் போச்சு. அந்தச் சாட்சிப் பொருளு ஸ்டேசன்ல காஞ்சு விறகாயிருச்சுன்னு போலீஸ் சொல்லுச்சு. யாரு வீட்டுலயோ சாம்பாராயிருச்சுன்னு தங்கராசு சொன்னான்.

சின்னக் கேசுதான். ஜாமீன்ல வந்திருக்கலாம். ஆனா ஜாமீனுக்குத் தன் பேருல சொத்து இருக்கிற ஆளு வேணும். பெருமாளு ஊருல எல்லாமே கூட்டுப் பட்டா, பங்காளிச் சண்ட. ஆளு கெடைக்கல. மனுசன் சப் ஜெயிலுக்குள்ள தாடி வளத்துக்கிட்டு உக்காந்துட்டாரு.

அவரு மகதான் ராக்கு. பூ மார்க்கெட்டுல மால கட்டுறவ. எனக்குத் தெனமும் கனகாம்பரம் எடுத்து வைக்கிற சிநேகிதி. வாய்க்கு வாய் பதில் வச்சிருப்பா. என்னய 'டைப்பு'ன்னு கூப்பிட ஆரம்பிச்சதே அவதான். அப்பறம் ஊரே புடிச்சுக்கிச்சு.

சைக்கிள் கடை மீனாட்சியக்கா

ராக்குவ பொண்ணு கேட்டு வந்திருந்தது பஜாரு சைக்கிள் கடை வீட்டுல. பையன் நல்ல பையன். பஞ்சர் ஒட்டுறப்பக் கூட சிரிச்சுக்கிட்டே ஒட்டுவான். ராக்குவுக்கும் அவன் மேல ஒரு இது. பூ வைக்கிற நாளு குறிக்கப் போற நேரத்துலதான் அப்பன் முருங்கக்காயத் தூக்கிட்டாரு.

பையனோட அம்மா மீனாட்சியக்கா கெட்டவுக இல்ல. ராக்குவக் கூப்பிட்டு நேராவே சொல்லிட்டாக.

"இந்தா புள்ள, உங்கப்பன் அடிச்சது எனக்குக் குத்தமாத் தெரியல. எங்க வீட்டு ஆம்பளைக அடிக்காத அடியா? ஆனா எங்க கடை வாசல் வழியா, விலங்கு மாட்டி, அந்தாளக் கூட்டிட்டுப் போறத எங்க சனம் பாத்துச்சுன்னா சம்பந்தம் கெடயாது. அடிச்சவன ஊரு மறந்துரும். விலங்கு போட்டவன் களவாணின்னுதான் பேரு நிக்கும்."

அதுக்கு முந்தின வாய்தாவுக்கு மேஜிஸ்ட்ரேட்டு லீவு, அதனால ஜெயில்ல இருந்து வெளிய கூட்டிட்டுப் போகல. தப்பிச்சாச்சு. அடுத்த வாய்தா மாசி மாசத்துல. ரோடு ஒண்ணுதான். சைக்கிள் கடையத் தாண்டாம கோர்ட்டுக்குப் போறதுன்னா மலைக்கோட்டை மேல ஏறிக் குதிக்கணும்.

ராக்கு என் முன்னாடி அழுகல. அவ அழுகுற சாதி இல்ல. பூவ எடுத்து நார்ல வச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா. வழக்கத்த விட வேகமா. நான் பக்கத்துல உக்காந்து, இன்னொரு மனு அடிக்கட்டுமான்னு கேட்டேன்.

"உன் மனுவக் கொண்டு போயி வெஞ்சனத்துக்கு அடுப்பெரி" அப்படின்னா.

அப்பறம் தன் கையிலயே நாரு சுத்திக் கெடந்தத பாத்தா. பாத்துட்டு எங்கையப் புடிச்சு இழுத்து அதுலயும் ஒரு சுத்து சுத்துனா.

"ஏ டைப்பு. ரோட்டுல போற அம்புட்டுப் பேரு கையும் கட்டியிருந்துச்சுன்னா, எங்கப்பா கைய மட்டும் எவ பாப்பா?"

ஊர்வலம்

வாய்தா அன்னைக்குக் காலையில சப் ஜெயில் வாசல்ல நாங்க நின்னோம். பூ மார்க்கெட்டே வந்திருச்சு. ராக்குவுக்காக வந்தது பாதி, வேடிக்கைக்கு வந்தது மீதி. ராக்கு ஒரு வாளியில வாழநார ஊறப்போட்டுக் கொண்டாந்திருந்தா. வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தர் கையா கட்டுனா. மேல செவ்வந்தி. வக்கீல் சாரு மட்டும் என்னயப் பாத்துப் பின்வாங்குனாரு.

"மேரி, நான் கோர்ட்ல வாதாடணும்மா. கேஸ் கட்டு பெரட்டணும்."

"வாயாலதான சார் வாதாடுவீங்க"ன்னு ராக்கு அவரு கையயும் கட்டிட்டா.

ஏட்டையா பெருமாளக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தாரு. எங்களப் பாத்து அப்படியே நின்னுட்டாரு. ராக்கு நேரா போயி அப்பன் கை விலங்கு மேலயும் பூவச் சுத்துனா.

"ஏ புள்ள, ஏ புள்ள, என்ன பண்ற?"

"விலங்க அவுக்கல ஏட்டையா. பூதான் வைக்கிறேன். பூ வைக்கக் கூடாதுன்னு சட்டமா?"

ஏட்டையா வக்கீல் சாரப் பாத்தாரு. வக்கீல் சாரு கட்டுன கையத் தூக்கி, "எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு சட்டம் இல்ல"ன்னாரு.

கெளம்புனோம். தங்கராசு தொண்டயத் தெறந்தான். "கைவிலங்கை..." நாங்க எல்லாம், "ஒழிப்போம்!"

இப்ப நீங்க ஒண்ண ஞாபகம் வச்சுக்கணும். மாசி மாசம். எங்க ஊர்ல அம்மன் திருவிழா. பூச்சொரிதல் முடிஞ்சு, காப்புக் கட்டி, தெனம் ஒரு கூட்டம் வேண்டுதலுக்கு நடக்கும். தீச்சட்டி எடுக்கிறவங்க, பூக்குழி எறங்குறவங்க. அவங்க தெருவுல வந்தா பொம்பளைக கொடத்துல மஞ்சத்தண்ணி கரைச்சு, வேப்பல போட்டு, அவங்க கால்ல ஊத்திக் கும்புடுவாங்க. காலம் காலமா நடக்குறது. கை தன்னாலே போயி கொடத்த எடுத்துரும்.

நாங்க வர்றோம். கையில நாரு, நாருல பூ, முன்னாடி தாடி வளத்த ஒரு மனுசன், பின்னாடி கத்துற ஒரு கூட்டம். பாத்திரக் கடை வாசல்ல நின்ன பெரியம்மா ஒருத்தி கன்னத்துல போட்டுக்கிட்டா.

"ஆத்தாடி! கையக் கட்டிக்கிட்டு வேண்டுதலு! புதுசா இருக்கே! ஏ மருமவளே, கொடத்த எடு!"

மொதக் கொடம் பெருமாளு கால்ல. ரெண்டாவது கொடம் ஏட்டையா பூட்ஸுல. எனக்கும் ஊத்துனாங்க. நான் கோயிலுக்குப் போற புள்ளதான், ஆனா எங்க கோயிலு மாதா கோயிலு. "அக்கா, நாங்க வேண்டுதல் இல்ல, போராட்டம்"னு கத்திப் பாத்தேன். யாரு கேட்டா? தங்கராசு "கைவிலங்கை!"ன்னு கத்துறான், பொம்பளைக குலவ போடுறாங்க. அவன் இன்னும் சத்தமா கத்துறான், குலவையும் இன்னும் சத்தமா வருது. ஜல் ஜல்னு சங்கிலி வேற சலங்க மாதிரி கேட்டுச்சா, எல்லாம் பொருந்திப் போச்சு!

ஏட்டையா மொதல்ல கால ஒதுக்கிப் பாத்தாரு. ஒரு கெழவி அவரு கால்ல விழுந்து கும்புட்டதும் மனுசன் அப்படியே உருகிட்டாரு. சர்வீசுல ஒருத்தரும் அவரக் கும்புட்டதில்லையாம். தொப்பியக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

கடை வாசல்ல

சைக்கிள் கடை வந்துச்சு. எங்க குரலெல்லாம் தானா எறங்கிருச்சு.

மீனாட்சியக்கா கொடத்தோட நின்னுக்கிட்டிருந்தாக. பொண்ணு பாக்க வந்தப்ப பெருமாள பாத்தது, அப்ப தாடி இல்ல. இப்ப தாடிக்காரரா, பூவோட வர்றாரு. கொடத்த அப்படியே அவரு கால்ல கவுத்தாக. குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாக.

பெருமாளு பதறிப் போயி, "எந்திரிங்க சம்பந்தி, எந்திரிங்க"ன்னுட்டாரு.

மீனாட்சியக்கா தலைய நிமுத்துனாக. மொகத்தப் பாத்தாக. அப்பறம் கையப் பாத்தாக. பூவுக்கு நடுவுல இரும்பு தெரிஞ்சுச்சு.

ராக்கு எங்கூட நின்னவ, எம் முழங்கையப் புடிச்ச புடியில நெகம் பதிஞ்சிருச்சு. கடைக்குள்ள பையன் டியூபக் கையில புடிச்சபடி நிக்கிறான். டியூபுல காத்து புஸ்ஸுன்னு எறங்குது. அந்தத் தெருவுல அந்தச் சத்தம் மட்டும்தான்.

"இது என்ன ராக்கு?"

"விலங்கு அத்த."

"எங்கிட்ட மறைக்கவா பூவச் சுத்துன?"

"ஊருக்கிட்ட மறைக்கச் சுத்துனேன். உங்ககிட்ட மறைக்க முடியுமா அத்த?"

மீனாட்சியக்கா வாயத் தெறக்குறதுக்குள்ள பின்னாடி இருந்து ஒரு குரல். "ஏ மீனாச்சி, ஊத்திட்டேல்ல? தள்ளு. நாங்களும் ஊத்தணும்ல." திரும்பிப் பாத்தா அவுக சனமே கொடத்தோட வரிசையில நிக்குது. மச்சினி, ஓரகத்தி, நாத்தனாரு, எதுத்த வீடு, பக்கத்து வீடு. யாரு பாத்தா சம்பந்தம் இல்லன்னு சொன்னாகளோ, அம்புட்டுப் பேரும்.

அக்கா அந்த வரிசையப் பாத்தாக. பெருமாளு கால்ல வழிஞ்ச மஞ்சத்தண்ணியப் பாத்தாக. முந்தானைய எடுத்து இடுப்புல சொருகுனாக.

"என்னாடி அவசரம்? எங்க சம்பந்திக்கு மொதக் கொடம் நான்தான ஊத்தணும். ஊத்திட்டேன். இப்ப வாங்க. வரிசையா வாங்க!"

டியூபு மறுபடி புஸ்ஸுன்னுச்சு. ராக்கு சிரிச்சா. அழுகாத சாதின்னு சொன்னேனே, சிரிச்சுக்கிட்டே கண்ணத் தொடச்சா. அக்கா அவ கையப் புடிச்சு, "நீ இங்கன இரு, வெயில்ல அலையாத"ன்னு கடைக்குள்ள இழுத்துக்கிட்டாக.

இப்ப கோர்ட்டுக்கு வாங்க

மாசி வெயிலு தெரியும்ல? தண்ணியக் குடிச்ச நாரு கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள காஞ்சு இறுகிருச்சு. அதுல ராக்கு போட்டது மாலக் கட்டுற முடிச்சு. அவ கைக்கு அது ஒண்ணுதான் தெரியும். சாமி கழுத்துல கெடந்து காத்தாடுனாலும் ஒரு பூ உதிராது. அத அவுக்கணும்னு ஊர்ல எவனும் யோசிச்சதே இல்ல. நாங்களும் யோசிக்கல. ராக்குவும் சைக்கிள் கடையில உக்காந்து கலர் குடிச்சுக்கிட்டிருக்கா.

உள்ள போனதும் வழக்கப்படி ஏட்டையா தேங்கா எண்ண விட்டு பெருமாளு விலங்க அவுத்துட்டாரு. கோர்ட்டுக்குள்ள விலங்கு கூடாது, அது ரொம்ப நாளா இருக்கிற முறை. அப்பறம் நான் தும்முனேன்.

"இது கோர்ட்டா, கோயிலா?" மேஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு.

வக்கீல் சாரு எந்திரிச்சாரு. கேஸ் கட்ட ரெண்டு கையால தூக்குனாரு. அது வழுக்கிக் கீழ விழுந்து காகிதம் பூரா பறந்துச்சு. பொறுக்கவும் முடியல.

"முதல்ல எல்லாரும் கட்ட அவிழுங்க."

"முடியலங்கய்யா" தங்கராசு குரலு, வெளிய ரோட்டுக்கே கேட்டுச்சு.

மேஜிஸ்ட்ரேட்டு தன் மேஜையில கெடந்த பேனாக்கத்திய பக்கத்துல நின்ன டவாலிக்கிட்ட நீட்டுனாரு. டவாலி கைய பின்னாடி கட்டிக்கிட்டாரு. "மன்னிக்கணும்ய்யா. வேண்டுதல் காப்ப அறுத்தா ஆத்தா கண்ணக் குத்திப்புடுவா."

ஏட்டையாவப் பாத்தாரு. ஏட்டையா தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, "நானே இந்த வருசம் பூக்குழி எறங்குறேனுங்கய்யா"ன்னாரு.

"பின்ன யார்தான் அவிழ்க்கிறது?"

கூண்டுக்குள்ள இருந்து ஒரு கனைப்பு. "எம்மக போட்ட முடிச்சுங்க. பாவமோ புண்ணியமோ எங்க குடும்பத்தோட போகட்டும். உத்தரவு குடுத்தா நான் அறுக்குறேன்."

மேஜிஸ்ட்ரேட்டு கேஸ் கட்டப் பாத்தாரு. அடிதடி கேஸு. கத்தியப் பாத்தாரு. பெருமாளப் பாத்தாரு. அப்பறம் கத்திய நீட்டுனாரு.

பெருமாளு கூண்ட விட்டு எறங்கி வந்தாரு. வாசக்கதவு தெறந்து கெடக்கு. நாங்க எல்லாம் கட்டுண்டு நிக்கிறோம். ஏட்டையா தொப்பியும் கையுமா நிக்கிறாரு. ஓடணும்னா அதவிட நல்ல நேரம் யாருக்குக் கெடைக்கும்? அவரு மொதல்ல வக்கீல் சாரு கட்ட அறுத்தாரு. அடுத்தது தங்கராசு. ஒவ்வொரு பூவையும் கீழ விழாம எடுத்து பெஞ்சு மேல வச்சாரு. எங்கிட்ட வந்தாரு.

"என்ன தாயி, மூக்கா?"

தலைய ஆட்டுனேன். தோள்ல கெடந்த துண்டு நுனிய எடுத்து எம் மூக்க நல்லா ஒரு தேய் தேய்ச்சு விட்டாரு. யேசுவே, அந்தச் சொகம்! அப்பறம்தான் கட்ட அறுத்தாரு.

எல்லாம் முடிஞ்சதும் கத்திய மடக்கி மேஜ மேல வச்சுட்டு, தானாவே கூண்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டாரு.

மேஜிஸ்ட்ரேட்டு கத்திய எடுத்து ஓரமா வச்சாரு. "ஏட்டு, இந்த ஆள் ஓடலையே?"

"ஓடலங்கய்யா."

"அப்போ எதுக்கு விலங்கு?"

"வழக்கமுங்கய்யா."

"இனிமே என் கோர்ட்டுக்கு விலங்கு மாட்டிக் கூட்டிட்டு வந்தா, இந்த ஆளுக்கு எதுக்கு மாட்டுனோம்னு காரணம் எழுதி என்கிட்ட குடுக்கணும். வழக்கம்னு எழுதக் கூடாது."

எங்க மனு எல்லாம் சேந்து செய்யாதத மூக்கு அரிப்பு செஞ்சிருச்சுன்னு தங்கராசு இன்னும் சொல்லுவான். பெருமாள அன்னைக்கே சொந்த ஜாமீன்ல விட்டாங்க. அப்பறம் கேஸு ராஜி ஆயிருச்சு. கண்டக்டரும் கல்யாணத்துக்கு வந்தாரு. பந்தியில முருங்கக்கா சாம்பார் ஊத்தப் போனப்ப எலைய மூடிக்கிட்டாரு.

வீட்டுக்குப் போனதும் எங்கப்பா எங்காலப் பாத்தாரு. அவரு தக்காளித் தோட்டக்காரரு, ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூச தவறாதவரு.

"மேரி, மஞ்சத்தண்ணியா? சாமியாரு கேட்டா நான் என்னத்த சொல்ல?"

"காலு கழுவி விட்டாங்கன்னு சொல்லுங்கப்பா. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கெழம கோயில்ல அவரும் ஊராரு காலக் கழுவித்தான விடுறாரு?"

அப்பா சிரிப்ப அடக்கிக்கிட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டாரு.

அந்த மேஜிஸ்ட்ரேட்டு வேற ஊருக்கு மாறிப் போயிட்டாரு. புதுசா வந்தவரு பழைய உத்தரவ மாத்தல. பக்கத்து ஊருகள்ல இன்னும் ஜல் ஜல் சத்தம் கேக்குது, அங்கயும் கமிட்டி போறோம், நாரு வாளியோட ராக்குவும் வாரா. அவ மாமியாரு கொடம் கொண்டாராக. வேற முடிச்சுப் போடக் கத்துக்கடின்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா.

கீழ ரோட்டுல இப்ப ஏட்டையா போறாரு. கூட ஒரு கேஸ் ஆளு. ரெண்டு பேரும் வெள்ளரிப்பிஞ்சு கடிச்சுக்கிட்டுப் போறாங்க.